ஸ்கூட்டர் இருக்கு, பிளக் எங்கே?

மின்சார ஸ்கூட்டரும் மின்சார சைக்கிளும் ஏதோ நேற்று முளைத்த சாமான் என்றுதான் எங்களில் கனபேர் நினைக்கிறோம். லண்டனைப் பொறுத்தவரை அது சரியில்லை. இந்த நகரத்தில் பற்றரியில் ஓடும் வாடகை வண்டி 1897 ஓகஸ்ட் மாதமே தெருவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு இருந்த சிக்கலும் இன்றைக்கு இருக்கிற சிக்கலும் ஒன்றுதான். ஓடி முடிந்த பற்றரியை எங்கே கொண்டுபோய்ச் சார்ஜ் பண்ணுவது?

அந்த வண்டியைச் செய்தவர் வோல்ற்றர் பேர்சி என்ற இளம் எஞ்சினியர். கறுப்பும் மஞ்சளுமாக, ரீங்காரம் போட்டுக்கொண்டு போனதால் சனம் அதற்கு ஒரு குருவியின் பெயரையே பட்டமாக வைத்தது: 'ஹம்மிங் பேர்ட்'. (குடித்துவிட்டு மோட்டார் வண்டி ஓட்டியதற்காக இந்த நாட்டில் முதன்முதல் தண்டிக்கப்பட்ட சாரதியும் இந்த மின்சார வண்டிதான் ஓட்டினார். அது வேறு கதை.) ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 50 கிலோமீற்றர் அளவில் ஓடும். பிறகு தேம்ஸ் நதிக்குத் தெற்கே லாம்பெத்தில் இருந்த கொட்டகைக்குத் திரும்பவேணும். அங்கே வெறும் பற்றரியை இறக்கி, சார்ஜ் ஏறின பற்றரியைத் தூக்கி வைத்து, சில நிமிடங்களில் வண்டியை அனுப்பிவிடுவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அவ்வளவு பெரிய நகரத்துக்கு அந்த ஒரு கொட்டகையை நம்பித்தான் வண்டிகள் ஓடின. பற்றரியின் பாரத்தில் ரயர் தேய்ந்தது, குலுக்கத்தில் பற்றரியே பழுதானது. 1899-இல் எல்லாம் முடிந்துவிட்டது.

வழியில் எங்காவது மின்சாரம் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து லண்டனில் ஒரே மின்சாரம் என்ற ஒன்று இல்லை. முதலாம் உலக யுத்தத்துக்குச் சற்று முந்தியும்கூட 60-க்கு மேற்பட்ட நிறுவனங்கள், 10 விதமான அதிர்வெண்ணில், 24 விதமான வோல்ற்றேஜில் மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தன. ஒரு தெருவில் எரிகிற பல்ப் அடுத்த தெருவுக்குப் பொருந்தாத காலம்.

அப்படியென்றால் பற்றரி வண்டி இந்த நாட்டில் வெற்றி பெறவே இல்லையா? பெற்றது. விடியற்காலையில் வீடு வீடாகப் பால்போத்தல் வைத்துப்போன பால்வண்டி! 1960-களில் பிரித்தானியத் தெருக்களில் ஓடிய மின்சார வண்டிகள் உலகத்தின் மற்ற நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிடக் கூட என்று சொல்லப்பட்டது. அதில் பெரும்பங்கு பால்வண்டிகள். காரணம் பெரிய விஞ்ஞானம் இல்லை. தினமும் ஒரே பாதை. வேலை முடிந்தால் பால்பண்ணைக் கொம்பனியின் டிப்போவில் நிறுத்திப் பிளக்கைக் குத்திவிட்டு பால்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். சார்ஜ் பண்ணுவது கொம்பனியின் பொறுப்பு. பால்காரரின் படுக்கையறைக்குள் பற்றரி வந்ததே இல்லை.

இனி இன்றைக்கு வருவோம்.

லண்டனில் இப்போது 20,000-க்கும் மேற்பட்ட பொதுச் சார்ஜ் இடங்கள் இருக்கின்றன. தெருவிளக்குக் கம்பத்திலேயே பிளக் வைத்திருக்கிறார்கள். எல்லாம் கார்க்காரருக்கு. காலால் உந்தி ஏறும் சின்ன ஸ்கூட்டருக்கும் சைக்கிளுக்கும் தேவையானது வீட்டுச் சுவரில் இருக்கிற சாதாரண மூன்று கால் பிளக். அது தெருவில் கிடையாது.

வாடகை ஸ்கூட்டர் கொம்பனிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுடைய ஆள் வானில் வந்து பற்றரியை மாற்றிவிட்டுப் போவார். பேர்சியின் கொட்டகை இப்போது சில்லு பூட்டி வருகிறது, அவ்வளவுதான். சொந்த ஸ்கூட்டர்காரனின் பாடு வேறு. கடையில் காசு கொடுத்து வாங்கலாம், பொதுத் தெருவில் ஓடினால் சட்டவிரோதம். 2021 நவம்பரில் சுரங்க ரயில் ஒன்றுக்குள் ஸ்கூட்டர் பற்றரி தீப்பிடித்தது. டிசம்பரில் ரயிலிலும் பஸ்ஸிலும் ஸ்கூட்டர் கொண்டுபோகத் தடை வந்தது. 2025 மார்ச் கடைசியில் மடிக்க முடியாத மின்சார சைக்கிளுக்கும் ரயிலில் தடை. தடைக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் ரயிலுக்குள் வேண்டாம் என்று சொன்ன எவரும், பிறகு எங்கே வைத்துச் சார்ஜ் பண்ணுவது என்று சொல்லவில்லை.

மிச்சம் இருப்பது வீடு. வீடு என்றால் என்ன வீடு? நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை அறை. பிளக் இருப்பது கட்டில் தலைமாட்டில், இல்லாவிட்டால் வாசல் நடையில். வெளியேறும் வழியில் சார்ஜ் போடவேண்டாம் என்று தீயணைப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்கிறது. சரியான புத்திமதிதான், வேறு இடம் உள்ளவனுக்கு. 2023-இல் மட்டும் லண்டன் தீயணைப்புப் படை 143 மின்சார சைக்கிள் தீயையும் 36 ஸ்கூட்டர் தீயையும் அணைத்தது. 3 உயிர் போனது. அந்த மார்ச்சில் ஷாட்வெல்லில், அளவுக்கு மீறி ஆக்கள் நெருங்கி இருந்த பிளாட் ஒன்றில் பற்றரி வெடித்துத் தீப்பிடித்தது. இறந்தவர் பங்களாதேஷிலிருந்து பிழைக்க வந்த ஒருவர். அந்தச் செய்தியை வாசித்தபோது, வந்த புதிதில் நாங்கள் எத்தனை பேர் ஒரு அறையில் படுத்தோம் என்று நான் எண்ணிப் பார்த்தேன்.

எங்கள் சமையலறைப் பின்கதவுக்கு வரும் டெலிவரிப் பெடியன்களில் ஒருவனாவது தினமும் பிளக் கேட்கிறான். முதலாளி மறுக்கிறார். காப்புறுதிக்காரன் விடமாட்டான் என்கிறார், அதுவும் பொய்யில்லை. சாப்பாட்டைக் கொடுத்தனுப்பும் கொம்பனியோ, இவர்கள் எங்கள் வேலையாட்கள் இல்லை, சுயதொழில்காரர் என்கிறது. 2023 நவம்பரில் டெலிவரூ வழக்கில் உச்ச நீதிமன்றமும், தொழிற்சங்கமாகப் பேரம் பேசுவதற்குத் தேவையான வேலையாள் உறவு அவர்களுக்கு இல்லை என்றே தீர்ப்புச் சொன்னது. பால்காரருக்கு இருந்த டிப்போ இவனுக்கு ஏன் இல்லை என்பதற்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. வண்டியும் அவனுடையது, பற்றரியும் அவனுடையது. தீப்பிடித்தால் அந்தத் தீயும் அவனுடையது.

வழி இல்லாமல் இல்லை. தாய்வானில் சனம் அடுக்குமாடியில் இருந்துகொண்டு ஸ்கூட்டரைத் தெருவில் விடும் சனம். 2015-இல் கோகோரோ என்ற கொம்பனி அங்கே பற்றரி மாற்றும் பெட்டிகளை வைக்கத் தொடங்கியது. வெறும் பற்றரியைச் செருகிவிட்டு நிரம்பினதை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். இப்போது அப்படி 2,500-க்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. பேர்சி ஒரு கொட்டகையில் செய்ததைத் தெருவுக்குத் தெரு செய்திருக்கிறார்கள்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். மின்சாரம் இல்லாத ஊரில் அது எங்கள் கெட்டித்தனம். தெருவிளக்குக் கம்பத்தில் காருக்குப் பிளக் வைத்திருக்கிற ஊரில், ஒருவன் தன் தலைமாட்டில் பற்றரியைச் சார்ஜ் போட்டுவிட்டுப் படுப்பதைக் கெட்டித்தனம் என்று சொல்லமுடியாது. ஒவ்வொரு கவுன்சில் குடியிருப்பிலும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கடைத் தெருவிலும், தீ தாங்கும் பூட்டுப் பெட்டிகள் நாலு வைத்து மின்சாரம் கொடுக்கலாம். செலவில் பாதியை அந்தக் கொம்பனிகளிடம் வாங்கவேணும். பால்கொம்பனிக்கு முடிந்தது இவர்களுக்கு முடியாதா?