8333 மில்லி: பேட்டன்ட் இல்லாத ஒரு ரெசிபியின் கதை

2020 மார்ச் மாசம் ஞாபகம் இருக்கா? மார்ச் 13-ம் தேதி மத்திய அரசு மாஸ்க்கையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்தது. ஒரு வாரம் கழித்து, 200 மில்லி பாட்டிலை 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாதுன்னு விலை வரம்பு வந்தது. கடையில பாட்டில் இருந்தாத்தானே விலை! அப்பதான் குடும்ப வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரு ரெசிபி சுத்துச்சு: ரெண்டு பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு கற்றாழை ஜெல், நல்லா கலக்குங்க, அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' பத்திதான் இன்னைக்கு எபிசோடு.

கை கழுவுற வரலாறுன்னா எல்லாரும் வியன்னாவுல, 1847-ல், செம்மல்வைஸ் கிட்ட ஆரம்பிப்பாங்க. பிரசவ வார்டுல டாக்டர்களைக் குளோரின் கலந்த தண்ணியில கை கழுவ வைத்தார், தாய்மார்களின் மரணம் சரசரன்னு குறைந்தது. அந்தக் கதை தனி எபிசோடுக்கு உரியது. நமக்கு வேண்டியது கழுவாம, தேய்ச்சுக்கிட்டே போற சமாச்சாரம். இணையத்துல தேடினா, 1966-ல் கலிஃபோர்னியாவில் லூபே ஹெர்னாண்டஸ் என்ற நர்ஸிங் மாணவி இதைக் கண்டுபிடிச்சாங்கன்னு வரும். அழகான கதை. ஆனா தேடிப் பார்த்தவங்களுக்கு அந்தப் பேரில் ஒரு பேட்டன்ட்கூடக் கிடைக்கலை. ஜெர்மனியில் 1965-லேயே 'ஸ்டெரிலியம்' என்ற ஆல்கஹால் கரைசல் மருத்துவமனைகளுக்காக விற்பனைக்கு வந்திருந்தது.

நிஜமான திருப்பம் ஜெனீவாவில், 1990-களில். டிடியே பிட்டே என்ற தொற்றுநோய் மருத்துவர் அங்கே பல்கலைக்கழக மருத்துவமனையில் ஊழியர்களைக் கவனிச்சார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸ் மணிக்கு சுமார் 22 முறை கை கழுவணும். குழாய்க்கு நடந்து, சோப்பு போட்டு, துடைச்சு வர ஒவ்வொரு முறையும் ஒண்ணு, ஒன்றரை நிமிஷம். கணக்குப் போட்டா மணிக்கு அரை மணி நேரம் குழாயடியிலேயே போயிடும். நம்ம பாஷையில சொன்னா, யூசர் மேல தப்பில்லை, சிஸ்டமே அப்படி. 'கழுவுங்க, கழுவுங்க'ன்னு எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் நேரம் எங்கிருந்து வரும்?

வில்லியம் கிரிஃபித்ஸ் என்ற மருந்தாளுநரோடு சேர்ந்து, ஆல்கஹால் கரைசலை நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்திலும் ஊழியர்களின் பாக்கெட்டிலும் கொண்டுவந்தார் பிட்டே. தேய்க்க 20, 30 செகண்ட் போதும். 2000-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: கை சுத்தம் செய்யும் பழக்கம் 48-லிருந்து 66 சதவீதமானது; மருத்துவமனைக்குள் வரும் தொற்று 16.9-லிருந்து 9.9 சதவீதமாக இறங்கியது. பிட்டே ஃபார்முலாவை பேட்டன்ட் போட்டு வித்திருக்கலாம். போடலை. உலக சுகாதார நிறுவனம் வழியா யார் வேணும்னாலும் தயாரிக்கட்டும்னு விட்டுட்டார்.

10 லிட்டருக்கான அளவு இது: 96% எத்தனால் 8333 மில்லி, 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, கிளிசரால் 145 மில்லி, மிச்சத்துக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கடைசியில் எத்தனால் 80% இருக்கும். பெராக்சைடு கைக்காக இல்லை. ஆல்கஹாலுக்குச் சாகாத பாக்டீரியா வித்துகள் கரைசலுக்குள்ளேயே இருக்கலாம், அதுகளுக்காக. அதனாலதான் கலந்து 72 மணி நேரம் தொடாம வைக்கச் சொல்றாங்க. ஆல்கஹால்மீட்டர் வச்சு அளக்கவும் சொல்றாங்க. இது தீப்பற்றத் தொடங்குற வெப்பநிலை 17.5 டிகிரி. சென்னையில மார்கழி விடியற்காலையில்கூட அதுக்குக் கீழே போறது அபூர்வம். கேஸ் அடுப்பு எரியுற சமையலறையில இதைக் கலக்குறதை யோசிச்சுப் பாருங்க. இந்த ரெசிபி எழுதப்பட்டது மருந்தகங்களுக்கு, வீடுகளுக்கு இல்லை.

இப்ப அந்த வாட்ஸ்அப் ரெசிபிக்கு வருவோம். கிருமியைக் கொல்ல ஆல்கஹால் குறைஞ்சது 60% வேணும். 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ரெண்டு பங்கு, ஜெல் ஒரு பங்குன்னா 66% வரும், சரி. அதே அளவை 70% பாட்டிலில் செஞ்சா? 47%-க்கும் கீழே. கையில ஆல்கஹால் வாசனை வரும், சில்லுன்னு இருக்கும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. ஃபார்வர்டு ஆகி ஆகி அந்த '99' எங்கேயோ உதிர்ந்துபோச்சு. அமெரிக்காவில் ஓட்காவை வச்சே செஞ்சாங்க. டிட்டோஸ் என்ற ஓட்கா கம்பெனி, 'எங்க சரக்கு 40%தான், தயவுசெஞ்சு வேண்டாம்'னு ட்விட்டரில் கெஞ்ச வேண்டி வந்தது. சரி, அதுக்காக 100% இன்னும் நல்லதான்னா, அதுவும் இல்லை. கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணியும் வேணும். சுத்த ஆல்கஹால் வேலை முடிக்கிறதுக்குள்ள ஆவியாயிடும்.

எனக்கு இதுல விசித்திரமா படுறது வேற. பிட்டே இதைத் தேடிப் போனதே குழாய் தூரத்துல இருந்ததால. நம்ம வீட்டுல குழாய் பத்து எட்டு தள்ளி இருக்கு, பக்கத்துல சோப்பும் இருக்கு. கொரோனா வைரஸின் மேலே இருக்கிற கொழுப்பு உறையைச் சோப்பே உடைச்சிடும். ஊரடங்குல வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, நேரமே இல்லாத ஐசியு நர்ஸுக்கான மருந்தைக் கலந்துக்கிட்டு இருந்தோம்.

தட்டுப்பாட்டுக்கு இன்னொரு முகமும் இருந்தது. 2020 மே, ஜூனில் அரிசோனா, நியூ மெக்சிகோவில் 15 பேர் மெத்தனால் கலந்த சானிடைசரைக் குடிச்சு மருத்துவமனைக்குப் போனாங்க. 4 பேர் இறந்தாங்க, 3 பேருக்குப் பார்வை பாதிச்சது. எத்தனாலும் மெத்தனாலும் பார்க்க ஒரே மாதிரி, நிறமில்லாத திரவம். வீட்டுல பிரிச்சுச் சொல்ல வழியில்லை. அந்த ஜூலைக் கடைசியில ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில், குறிச்சேடு என்ற ஊரில் ஊரடங்கால மதுக்கடை மூடியிருந்தது. சானிடைசர் குடிச்சு அங்கே பத்துக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க.