தோலும் தொடுகறியும்

ஆம்பூர் வழியாகச் செல்லும் பயணி இரண்டு மணங்களை மறப்பதில்லை. ஒன்று பதனிடும் தோலின் மணம். மற்றொன்று தம் திறந்த பிரியாணியின் மணம். இவ்விரண்டைப் பற்றியும் எழுதியோர் பலர். ஆனால் பிரியாணியின் அருகே அடக்கமாக அமர்ந்திருக்கும் புளிக் கத்தரிக்காயைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. அந்தச் சிறு கிண்ணத்துள் அடங்கிய வரலாற்றைச் சற்றே காண்போம்.

அரபு மொழியில் அலிஃப், தால், மீம் என்னும் மூன்றெழுத்து வேர் ஒன்றுண்டு. அதிலிருந்து பிறந்த ‘இதாம்’ என்னும் சொல், ரொட்டியோடு சேர்த்து உண்ணும் தொடுகறியைக் குறிக்கும். அதே வேரில் பிறந்த ‘அதீம்’ பதனிட்ட தோலைக் குறிக்கும்; தோல் வணிகருக்கு ‘அத்தாம்’ என்று பெயர். இவ்வேருக்கு மூன்றாவது பொருளும் உண்டு. இருவரிடையே இணக்கத்தை உண்டாக்குதல் என்பதே அது. மணம் பேசியவர் பெண்ணைப் பார்த்துக்கொள்வது இருவர்க்கும் இணக்கம் தரும் என்று கூறும் நபிமொழியில் இந்த வேரே பயின்று வருகிறது. தோலும் தொடுகறியும் இணக்கமும் ஒரே வேரில் கிளைத்திருப்பதை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி மக்கள் அறிந்தால் மகிழ்வர் அன்றோ!

நாம் விருந்துக்கு விரிக்கும் ‘சுப்ரா’வும் தோலோடு உறவுடையதே. ‘சுஃப்ரா’ என்பது முதலில் பயணியின் கட்டுச்சோற்றைக் குறித்தது. பின்னர் அதைப் பொதிந்து செல்லும் தோல் விரிப்புக்குப் பெயராயிற்று. இன்று துணியையும் பிளாஸ்டிக்கையும் விரித்தாலும் பெயர் மாறவில்லை.

தொடுகறியை இழிவாக எண்ணலாகாது என்பதற்கு ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் நிகழ்ச்சி ஒன்றே போதும். தையற்காரர் ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட குழம்பும் வைக்கப்பட்டன. பெருமானார் தட்டின் ஓரங்களிலிருந்து சுரைக்காய்த் துண்டுகளையே தேடி எடுத்து உண்டதை உடனிருந்த அனஸ் (ரலி) அவர்கள் கண்டார்கள். அன்று முதல் தமக்கும் சுரைக்காய் விருப்பமாயிற்று என்றார்கள். தட்டில் இறைச்சியும் இருந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இனிக் கத்தரிக்காய்க்கு வருவோம். இது நம் நாட்டுக் காய். பாரசீகம் சென்று, அங்கிருந்து அரபியரிடம் ‘பாதின்ஜான்’ என்னும் பெயரோடு புகுந்தது. அரபியர் அதனை ஸ்பெயினுக்குக் கொண்டு சென்றனர். போர்ச்சுக்கீசியரின் வாயில் ‘பெரிஞ்செலா’ ஆகிப் பின்னர் அவர்களது கப்பல்களோடு இந்தியா திரும்பி, நாம் ஆங்கிலத்தில் வழங்கும் ‘பிரிஞ்சால்’ ஆயிற்று. உலகைச் சுற்றி வந்த காய் தாய்வீட்டில் வேற்றுப் பெயரோடு நிற்கிறது!

பாக்தாதில் அதற்கு அரச மரியாதை கிடைத்தது. கி.பி. 825இல் கலீஃபா மஃமூன், அமைச்சர் ஹஸன் இப்னு ஸஹ்லின் மகளார் பூறானை மணந்தார். அவ்வம்மையாரின் பெயரால் பொரித்த கத்தரிக்காய் உணவு ஒன்று ‘பூறானிய்யா’ என வழங்கலாயிற்று. 1226இல் பாக்தாதில் எழுதப்பட்ட சமையல் நூலிலும் அப்பெயர் உள்ளது. காலப்போக்கில் அப்பெயர் தயிர் சேர்ந்த உணவுகளுக்கும் பரவிற்று. ஆகவே நம் பிரியாணியின் இரு தோழர்களான கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் ஒரு மணமகளின் பெயரால் உறவினராகின்றனர்.

கத்தரிக்காயைப் புகழ்ந்து நபிமொழி என்று ஒன்றையும் சிலர் கட்டிவிட்டனர். அது இட்டுக்கட்டப்பட்டது என்று இமாம் இப்னுல் கய்யிம் தெளிவாகக் கூறியுள்ளார். காய் சுவையானதுதான், அதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

வட ஆர்க்காட்டுக்கு வருவோம். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கான் வீழ்ந்த மண் இது. ஆர்க்காட்டு நவாபுகளின் அடுக்களையிலிருந்தே பிரியாணி இங்கு வந்தது என்பது மக்கள் வழக்கு. ஆனால் அரண்மனை உணவு ஊர் உணவாவதற்கு உள்ளூர் வயல் உதவ வேண்டும். பாசுமதி இருந்த இடத்தில் சீரகச் சம்பா அமர்ந்தது. அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய காய்கள் விளையும் மண்ணில் தொடுகறிக்குக் குறைவேது?

செய்முறையைப் பாருங்கள். காம்பு நீக்காத பிஞ்சுக் காய்களை நாலாகக் கீறி எண்ணெயில் வதக்குவர். வறுத்த எள்ளையும் நிலக்கடலையையும் அரைத்துச் சேர்ப்பர். புளிக்கரைசல் ஊற்றி எண்ணெய் பிரியும்வரை சிறுதீயில் வைப்பர். எள் நம்முடையது. நிலக்கடலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. புளியை அரபியர் ‘தம்ர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை என்றனர். நெய்யும் கொழுப்பும் நிறைந்த சோற்றின் திகட்டலை இந்தப் புளிப்பே அறுக்கிறது. எலும்பும் பருப்பும் சுரைக்காயும் சேர்ந்த தால்ச்சாவின் பணியும் அதுவே.

ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலை இலண்டனுக்கு அனுப்பிய வணிகரின் மாளிகையிலும், சுண்ணாம்புத் தொட்டியில் நின்று உழைத்த தொழிலாளியின் குடிசையிலும் இறைச்சியின் அளவு ஒன்றாக இருந்ததில்லை. ஆனால் கத்தரிக்காயின் சுவை ஒன்றாக இருந்தது. எலும்பு மட்டுமே கிடைத்த வீட்டிலும் தால்ச்சா மணத்தது. இணக்கம் என்னும் பொருள் சட்டியிலேயே இருந்தது.

அண்மையில் ஒரு வலீமாவில் நாம் அமர்ந்திருந்தோம். கத்தரிக்காய் நெகிழிக் கிண்ணத்தில் வந்தது. பலர் திறவாமலே எழுந்தனர். பக்கத்துப் பெரியவர் திறந்து சுவைத்துவிட்டு, “எள்ளு இல்லை” என்று மட்டும் சொன்னார். அம்மூன்று எழுத்தின் இழப்பு சிறிதன்று. பிரியாணியைப் பண்டாரிகள் பெயர் சொல்லிக் காத்துக்கொள்வர். தொடுகறியைக் காத்து வந்தோர் பெயர் அறியப்படாத நம் தாய்மார்கள். அளவுகோல் அவர்களது உள்ளங்கை. நூல் அவர்களது நினைவு. அவர்கள் அருகில் இருக்கும்போதே பெண்மக்களும் ஆண்மக்களும் அமர்ந்து அந்தக் கைப்பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொள்வார்களாக!