கழித்தால் கேட்பது

பாடகியைக் காணவில்லை. பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இடப்பக்கத்து கிதார் இருந்தது, வலப்பக்கத்து பியானோ இருந்தது. நடுவில் நின்று பாடியவர் மட்டும் இல்லை. பேஸும் டிரம்ஸும் பெரும்பாலும் அவரோடு போய்விட்டிருந்தன. ஆனால் அவருடைய எதிரொலி இருந்தது. ஒவ்வொரு வரி முடியும்போதும், யாரோ இப்போதுதான் பாடிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போன கூடத்தில் மிச்சமிருக்கும் சத்தம்போல ஓர் இழுப்பு.

நான் செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை. 1970களில் ஜப்பானில் செய்த ஒரு ஸ்டீரியோ ரிசீவர் என்னிடம் இருக்கிறது. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருக்கும் வகை. அதன் பின்பக்கம் இடத்துக்கு ஒரு சிவப்பு முனை, ஒரு கருப்பு முனை, வலத்துக்கும் அப்படியே. வழக்கமாக ஸ்பீக்கரின் ஓர் ஒயர் சிவப்பிலும் இன்னொன்று கருப்பிலும் போகும். நான் கருப்பைத் தொடவே இல்லை. இரண்டு பழைய ஸ்பீக்கர்களைத் தொடராக இணைத்து, ஒரு நுனியை இடச் சிவப்பிலும் மறு நுனியை வலச் சிவப்பிலும் மாட்டி, சோபாவுக்குப் பின்னால் வைத்தேன். சோதித்துப் பார்க்க முன் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டேன். அவ்வளவுதான்.

இப்படி மாட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் ஒலிக்கு அந்த ஸ்பீக்கர் அசையாது. இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் அசையும். பாடுபவரின் குரலை நடுவில் நிறுத்த, இரண்டு சேனலிலும் சம அளவில் வைப்பார்கள். ஆகவே கழித்தால் குரல் பூஜ்யம். கரோக்கேக்காகக் குரலை நீக்கும் பழைய மென்பொருள்கள் செய்ததும் இதே கழித்தல்தான். எதிரொலி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுவதில்லை. அதனால் அது தப்பித்துவிடுகிறது.

மாட்டுவதற்கு முன்னால், ரிசீவரை விற்ற மெக்கானிக்கிடம் போனில் கேட்டிருந்தேன்.

"அண்ணே, பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர் சேக்கப் போறேன். செட்டு தாங்குமா?"

"எத்தனை ஓம்?"

"எட்டு எட்டு."

"அப்ப ரெண்டையும் சீரிஸ்ல போடு தம்பி. ஒத்தையா மாட்டிடாத. அதுக்கு முன்னாடி ரெண்டு கருப்பும் உள்ளுக்குள்ள ஒண்ணா சேருதான்னு மீட்டர் வச்சுப் பாத்துக்க. சேரலன்னா விட்டுடு."

அவர் சொன்னது சரி. சில ஆம்ப்ளிஃபயர்களில் கருப்பு முனையிலும் சிக்னல் ஓடும். அவற்றில் இந்த வித்தை காட்டினால் புகைதான். கருப்பு இரண்டும் சேர்ந்திருந்தாலும், இடமும் வலமும் நேரெதிராக அசையும் தருணங்களில் ஒவ்வொரு சேனலும் 4 ஓம் சுமையை இழுக்க வேண்டிவரும். என் செட் அதைத் தாங்கும் ரகம்.

இந்த இணைப்புக்கு ஹாஃப்லர் சர்க்யூட் என்று பெயர். அமெரிக்காவின் டைனாக்கோ நிறுவனத்தை நடத்திய டேவிட் ஹாஃப்லர் 1970களின் தொடக்கத்தில் இதைப் பரப்பினார். வீட்டுக்கு நான்கு ஸ்பீக்கர் ஒலி வரப்போகிறது என்று எல்லா நிறுவனங்களும் கூவிக்கொண்டிருந்த நேரம் அது. ஹாஃப்லர் சொன்னதன் சாரம் இதுதான்: புதுப் பெட்டி வேண்டாம், இன்னொரு ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், உங்களிடம் இருக்கும் ரெக்கார்டுகளிலேயே கொஞ்சம் கூடம் ஒளிந்திருக்கிறது, ஒயரை மாற்றி மாட்டுங்கள்.

எங்கே ஒளிந்திருக்கிறது?

*

லண்டனில் இ.எம்.ஐ.யில் வேலை பார்த்த ஆலன் பிளம்லைன் 1931 டிசம்பரில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றைக்கு நாம் ஸ்டீரியோ என்று சொல்வதன் பெரும்பகுதி அதில் இருக்கிறது. ஒரே பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் இரண்டு சேனல்களை வெட்டும் யோசனையும் அதில் உண்டு. அவர் 1942 ஜூனில், ராடார் சோதனைக்காகப் பறந்த ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் விழுந்து, 38 வயதில் இறந்துபோனார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வர மேலும் 15 வருடம் ஆனது.

1958இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் கூடி ஒரே முறையை ஏற்றுக்கொண்டன: பள்ளத்தின் ஒவ்வொரு சுவரும் 45 பாகை சாய்வு, ஒன்றில் இடம், மற்றதில் வலம். இதன் அழகு எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. இப்படி வெட்டும்போது ஊசியின் பக்கவாட்டு அசைவு இரண்டு சேனலின் கூட்டல். மேல்கீழ் அசைவு இரண்டின் கழித்தல். பழைய மோனோ கருவி பக்கவாட்டை மட்டும் படிக்கும். அதனால் ஸ்டீரியோ தட்டைப் போட்டாலும் அதில் முழுப் பாட்டும் கேட்கும். பழையதை உடைக்காமல் புதியதைச் சேர்ப்பது என்று நாங்கள் வேலையில் தினமும் மாரடிக்கும் விஷயத்தை, மெழுகில் வெட்டி முடித்திருக்கிறார்கள்.

ஆக, என் சோபாவுக்குப் பின்னால் கேட்டது ஊசியின் மேல்கீழ் அசைவு. 

*

ஸ்டீரியோ ஒரே முறையோடு வந்தது. நான்கு சேனல் அப்படி வரவில்லை.

டேப்பில் அது சுலபம். நான்கு தடம் பதிந்தால் போதும். 1969இல் வான்கார்டு நிறுவனம் அப்படிப்பட்ட டேப்புகளை விற்றது. இசைத்தட்டில்தான் சிக்கல். பள்ளத்துக்கு இரண்டே சுவர்கள்.

சி.பி.எஸ். நிறுவனம் எஸ்.கியூ. என்ற முறையை 1971இல் கொண்டுவந்தது. ஜப்பானின் சான்சுயி கியூ.எஸ். என்று இன்னொன்றைக் கொண்டுவந்தது. இரண்டும் மேட்ரிக்ஸ் வகை: நான்கு சேனல்களையும் ஒரு கணக்குப்படி இரண்டாகக் கலந்து, வீட்டில் மறுபடி பிரிப்பது. ஆனால் நான்கு தெரியாத எண்கள், கையில் இரண்டு சமன்பாடுகள். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், முழுசாகத் தீர்க்க முடியாது. சாதாரண மேட்ரிக்ஸ் டிகோடரில் ஒரு மூலையில் வைத்த ஒலி பக்கத்து மூலையில் வெறும் 3 டெசிபெல் குறைவாக, அதாவது பாதிச் சக்தியோடு கேட்கும். இந்தக் கசிவை மறைக்க லாஜிக் சர்க்யூட்டுகள் வந்தன. எந்த மூலையில் சத்தம் அதிகம் என்று ஊகித்து, மற்ற மூலைகளைக் கொஞ்சம் அமுக்கும். ஊகம் சரியானால் அற்புதம். தவறினால் வாத்தியங்கள் அறைக்குள் இடம் மாறி அலையும்.

ஜே.வி.சி.யின் சி.டி.-4 ஊகிக்க மறுத்த பொறியாளர்களின் வேலை. காதுக்கு எட்டாத 30 கிலோஹெர்ட்ஸ் அலையின் மேல் பின்சேனல் தகவலை ஏற்றி அதே பள்ளத்தில் வெட்டினார்கள். நான்கும் தனித்தனியாக வந்தன. ஆனால் அந்த அதிர்வைப் படிக்க சாதாரண ஊசிக்கு வக்கில்லை. அதற்காக நோரியோ ஷிபாட்டா ஒரு புது ஊசிமுனையை வடிவமைத்தார். ஆர்.சி.ஏ. இந்த முறையை எடுத்துக்கொண்டது.

1973இல் ஒருவர் ஏற்கெனவே ஸ்டீரியோ ரிசீவர் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிகோடர் வாங்கி ரிசீவரின் டேப் மானிட்டர் துளைகளில் செருக வேண்டும். பின்பக்கத்துக்கு இன்னொரு ஆம்ப்ளிஃபயர், இன்னும் இரண்டு ஸ்பீக்கர், கூடம் முழுக்க ஒயர். வீட்டில் திட்டு வாங்க வேண்டும். எல்லாம் முடிந்து ரெக்கார்டு வாங்கப் போனால், பிடித்த பாடகர் வேறு முறை வைத்திருக்கும் நிறுவனத்தில் இருப்பார். 1970கள் முடிவதற்குள் கடைகளும் நிறுவனங்களும் இதைக் கைவிட்டன.

தோற்ற காலத்தின் மிச்சங்கள் நாம் அறியாமலே நம்மிடம் இருக்கின்றன. பிங்க் ஃபிளாய்டின் 'டைம்' பாட்டின் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் அடிக்கும் கடிகாரங்கள் நினைவிருக்கிறதா? ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் அவற்றை முதலில் பதிந்தது நான்கு சேனல் சோதனைக்காக. ஷிபாட்டா ஊசியும் சாகவில்லை. இன்றும் நல்ல ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ்களில் அந்த முனை இருக்கிறது.

*

மேட்ரிக்ஸ் வீட்டில் தோற்றுத் தியேட்டரில் ஜெயித்தது.

1970களின் நடுவில் டால்பி நிறுவனம் 35 மி.மீ. படச்சுருளின் ஓரத்தில் இரண்டு ஒலித்தடங்களைத்தான் வைக்க முடிந்தது. அவற்றுக்குள் இடம், நடு, வலம், சரவுண்ட் என நான்கைக் கலந்து வைத்தார்கள். 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' இந்த வழியில் பல ஊர்களைச் சேர்ந்தது. சரவுண்டைப் பிரித்தெடுக்கும் அடிப்படைக் கணக்கு: இடம் கழித்தல் வலம். 1982இல் வீட்டுக்கு வந்த முதல் டால்பி சரவுண்ட் டிகோடரும் சாராம்சத்தில் அதே கழித்தல்தான், கொஞ்சம் தாமதமும் வடிகட்டலும் சேர்த்து.

நான்கை இரண்டாக்கி மறுபடி நான்காக்கும் மேட்ரிக்ஸுக்கு அமெரிக்கக் காப்புரிமை வைத்திருந்தவர்களில் ஒருவர் பீட்டர் ஷைபர். இசைக்கலைஞராக இருந்து கண்டுபிடிப்பாளர் ஆனவர். 1983இல் டால்பி மீது வழக்குப் போட்டார். சமரசம் ஆனது: டால்பி ராயல்டி தரும். அவருடைய கடைசி அமெரிக்கக் காப்புரிமை 1993இல் முடியவிருந்தது, கனடா காப்புரிமை 1995இல். விகிதத்தைக் குறைத்துக்கொண்டால், கனடா காப்புரிமை முடியும்வரை எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தருகிறோம் என்று யோசனை சொன்னது டால்பி. ஷைபர் ஒப்புக்கொண்டார். அமெரிக்கக் காப்புரிமைகள் காலாவதியானதும் டால்பி அவற்றுக்கான பணத்தை நிறுத்தியது. காலாவதியான காப்புரிமைக்கு ராயல்டி வாங்கக் கூடாது என்று 1964இல் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் காட்டியது. 2002இல் மேல்முறையீட்டு நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் அந்தப் பழைய தீர்ப்பின் தர்க்கத்தைக் கடுமையாகக் குறை சொன்னார். ஆனாலும் அது தன்னைக் கட்டுப்படுத்துகிறது என்று டால்பிக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

இந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் குழு கட்டிய ஒரு மென்பொருளை நிர்வாகம் மூடியது. அடுத்த வருடம் வேறொரு குழுவின் அறிமுகக் கூட்டத்தில், எங்கள் தரவு வடிவம் அப்படியே திரையில் ஓடியது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஷைபரின் நஷ்டத்தோடு ஒப்பிட அது ஒன்றுமே இல்லை. யோசனை பிழைத்துக்கொள்ளும், யோசித்தவர் நடுவில் கழிந்துபோவார் என்பதை மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தேன்.

*

முன் ஸ்பீக்கர்களை மறுபடி மாட்டிவிட்டேன். பாடகி நடுவில் வந்து நின்றார். பின் ஸ்பீக்கர்கள் பேசுவதே தெரியக் கூடாது. தனியாகக் காதில் விழுந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். அதனால் அவற்றைத் தள்ளித் தள்ளி, கடைசியில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். எந்த ரெக்கார்டுக்கும் இது நிஜமான நான்கு சேனல் ஆகாது. சில தட்டுகளில் வித்தியாசமே இல்லை. கச்சேரியை நேரில் பதிந்த தட்டுகளில் கைதட்டல் தோளுக்குப் பின்னாலிருந்து வருகிறது.

போன வாரம் நண்பன் வந்திருந்தான். இந்த ஏற்பாடு பற்றி அவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும், தட்டைத் திருப்பும் சாக்கில் ரிசீவரின் பின்னால் கைவிட்டு ஓர் ஒயரை உருவினேன். அடுத்த பாட்டு தொடங்கி அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. போனிலிருந்து தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தான்.

"என்னடா மச்சி, ரூம் சின்னதாயிட்ட மாதிரி இருக்கு?"