டிராம் மறைந்த நகரில் மின்ரயில் வந்த வரலாறு



பட்டாபிராமிலிருந்தும் திருமுல்லைவாயலிலிருந்தும் மின்ரயிலேறி நம் மதரஸாவுக்கு வரும் மாணவர்களிடம், ‘டிராலி என்றால் என்ன?’ என்று அண்மையில் வினவினோம். விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றித் தள்ளும் வண்டி என்றான் ஒருவன். கடைகளில் சாமான் எடுக்கும் கூடை வண்டி என்றான் மற்றொருவன். இரண்டும் சரியே. எனினும் நம் முன்னோர் காலத்தில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. மின்கம்பியைத் தொட்டபடி ஓடிய டிராம் வண்டியின் கூரைமேல் நீண்டதொரு கோல் இருந்தது. அக்கோலின் நுனியில் சுழன்ற சிறு சக்கரத்துக்கே டிராலி என்று பெயர். ஏறத்தாழ 58 ஆண்டுகள் சென்னை வீதிகளில் ஓடிய அவ்வண்டியைப் பற்றி அம்மாணவர்களில் எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. இக்கட்டுரையை எழுத அதுவே காரணம்.

இந்தியாவின் முதல் மின்சார டிராம்

1895 மே 7 அன்று சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சாரத்தால் இயங்கிய முதல் டிராம் இதுவே. கல்கத்தாவில் 1873இலேயே டிராம் இருந்தது. ஆனால் அதனைக் குதிரைகள் இழுத்தன. அங்கு மின்சார டிராம் வந்தது 1902இல், பம்பாயில் 1907இல். லண்டன் மாநகரமே 1901இல்தான் மின்சார டிராம் சேவையைத் தொடங்கியது. இன்று இதனைச் சொன்னால் பலர் வியப்படைகின்றனர்.

தொடக்கத்தில் சென்னை டிராமுக்கு மேலே கம்பி இல்லை. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே தரைக்கடியில் ஒரு குழி வாய்க்கால் அமைத்து, அதனுள் மின்கடத்தியை வைத்தனர். வண்டியின் அடியிலிருந்து இறங்கிய ஓர் உறுப்பு, குறுகிய பிளவின் வழியே அதனைத் தொட்டு மின்சாரம் பெற்றது. வீதியின் அழகு கெடாத ஏற்பாடுதான். ஆயினும் நம் ஊரின் வடகிழக்குப் பருவமழையை அது தாங்கவில்லை. வாய்க்காலில் நீர் புகுந்தால் வண்டி நிற்கும். ஆகவே பின்னர் மேல்கம்பி முறைக்கு மாறினர். டிராலிக் கோல் சென்னைக்கு வந்தது அவ்வாறே.

1921ஆம் ஆண்டளவில் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. துறைமுகம், பாரிமுனை, தங்கசாலை, சென்ட்ரல், மவுண்ட் ரோடு, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஆகிய பகுதிகளை அவை இணைத்தன. 1795இல் எழுந்த திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலின் சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்தோரும், தங்கசாலை வணிகரும், துறைமுகக் கூலித் தொழிலாளரும் ஒரே பலகையில் அமர்ந்து பயணம் செய்த வண்டி அது. குதிரை வண்டிக்கு வாடகை தர இயலாத எளியோர்க்கு அதுவே வாகனமாயிற்று.

ஓர் இரவில் நின்றது

1947இல் சென்னை நகரப் பேருந்துகளை அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. டிராமோ தனியார் கம்பெனியிடமே இருந்தது. பேருந்து, கார், மாட்டுவண்டி, சைக்கிள் அனைத்தும் செல்லும் அதே வீதியில்தான் டிராமும் ஊர்ந்து செல்ல வேண்டும். தண்டவாளத்தை விட்டு ஒதுங்க அதனால் முடியாது. வண்டிகள் பழுதாயின, நட்டம் பெருகிவிட்டதாகக் கம்பெனி கூறியது. 1953 ஏப்ரல் 12 நள்ளிரவோடு சென்னை டிராம் நின்றது.

அத்தனை காலம் ஓடிய வண்டி ஒரே இரவில் நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, எஞ்சியவை தார்ச்சாலைக்கு அடியில் மறைந்தன. டில்லியும் பம்பாயும் 1960களில் இதே முடிவை எடுத்தன. கல்கத்தாவில் மட்டுமே டிராம் நிலைத்தது.

நம் மேற்குப் பகுதியின் பாதை

அந்த டிராம் ஒருபோதும் அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ வந்ததில்லை. நம் பகுதியின் கதை வேறொரு தண்டவாளத்தில் தொடங்குகிறது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், இராயபுரத்திலிருந்து ஆவடி, திருவள்ளூர் வழியாக ஆர்க்காட்டுப் பக்கம் சென்றது. அது சென்றடைந்த நிலையம் இன்று வாலாஜா ரோடு எனப்படுகிறது. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் அது. ஆக, டிராமுக்கு 39 ஆண்டுகள் முன்பே நம் ஊர்களின் வழியே இருப்புப் பாதை இருந்தது. ஆனால் அதில் ஓடியது நீராவி வண்டி.

மின்ரயிலுக்கு முந்திக்கொண்டது தெற்குப் பகுதி. 1931இலேயே கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடியது. நம் பகுதியோ காத்திருந்தது. இதற்கிடையில் பெரம்பூரில் 1955இல் ரயில்பெட்டித் தொழிற்சாலை எழுந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1960களில் வந்தன. வேலைக்குச் செல்வோர் பெருகினர். இறுதியாக 1979இல் சென்னை சென்ட்ரல் – திருவள்ளூர் பாதை மின்மயமாயிற்று. சென்னையில் முதல் மின்சார டிராம் ஓடி 84 ஆண்டுகள் கழிந்த பின்னரே, அம்பத்தூர் நிலையத்தில் மின்ரயில் நின்றது.

அதனால் விளைந்த மாற்றம் சிறிதன்று. நீராவி எஞ்சினைப் போல் இதற்கு முனைதோறும் திருப்பிப் பூட்டும் வேலை இல்லை. இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. மோட்டார்கள் வண்டியின் பல பெட்டிகளில் அமைந்திருப்பதால், நின்ற இடத்திலிருந்து விரைந்து வேகம் கொள்ளும். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி என அடுத்தடுத்து நிற்க வேண்டிய பாதைக்கு இதுவே பொருத்தம். அன்னனூருக்கும் ஆவடிக்கும் இடையே இவ்வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனையும் அமைந்தது. வைகறைத் தொழுகையை முடித்து வேலைக்குக் கிளம்பும் நம் குடும்பங்கள் பல, இன்று இந்த ரயிலை நம்பியே வாழ்கின்றன.

ஒன்று அழிந்தது, ஒன்று நிலைத்தது – ஏன்?

இரண்டும் மின்சாரத்தால் தண்டவாளத்தில் ஓடியவையே. வேறுபாடு இரண்டு. ரயிலுக்கெனத் தனி நிலம் இருந்தது. டிராம் பிறரோடு வீதியைப் பகிர்ந்தது. ரயில் அரசின் பொறுப்பாகி, 1951 ஏப்ரல் 14 அன்று தென்னக ரயில்வே உருவாயிற்று. டிராமை ஒரு கம்பெனியின் வரவு செலவுக் கணக்கே தீர்மானித்தது. வண்டிக்கு வரும் கூலியை அக்கணக்கு எண்ணியது. வண்டி இல்லாவிடில் எளியோர் நடக்க வேண்டிய தொலைவு அதில் இடம்பெறவில்லை.

பூந்தமல்லியை நோக்குவோம். நூற்றாண்டுகள் பழமையான அவ்வூருக்கு ரயில் நிலையமே இல்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட பின்னரே, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரையிலான வழித்தடத்துக்குத் தூண்கள் எழுந்தன. முன்பு டிராம் ஓடிய நகரில் மின்சார வண்டிக்கான பாதையை மீண்டும் பெரும் பொருட்செலவில், தூண் நட்டும் சுரங்கம் தோண்டியும் அமைக்கிறோம். ஒரே இரவில் கைவிட்டதைத் திரும்பப் பெற மூன்று தலைமுறை ஆயிற்று.

பொதுச் சொத்து நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். சீட்டு வாங்காமல் ஏறுவதும், இருக்கையைக் கிழிப்பதும், தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து உயிரைப் பணயம் வைப்பதும் அந்த அமானிதத்துக்குச் செய்யும் துரோகமே. இதனை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1953இல் எட்டு வயதுச் சிறுவராக டிராமில் ஏறியவர் இன்று எண்பதை எட்டியிருப்பார். உங்கள் வீட்டில் நன்னாவோ ராதாவோ அவ்வயதில் இருந்தால் இந்த வெள்ளிக்கிழமை அவரருகே அமர்ந்து, எங்கு ஏறினார், எங்கு இறங்கினார் என்று கேளுங்கள். பிள்ளைகளையும் உடன் அமர்த்தி, கேட்டதை எழுதி வையுங்கள். அந்தத் தலைமுறையும் சென்றுவிட்டால் கேட்பதற்கு எவரும் இரார்.

வஸ்ஸலாம்.