தேசம் ஊரானது, நகரம் நாடானது

இந்தோனேசியாவில் ஒருவர் ‘எங்கள் தேசா’ என்றால் தம் கிராமத்தைச் சொல்கிறார். ‘எங்கள் நெகாரா’ என்றால் நாட்டை. ‘கோத்தா’வுக்குப் போய்வருகிறேன் என்றால் நகரத்துக்குப் போகிறார். தேசம், நகரம், கோட்டை என மூன்றுமே தமிழ்க் காதுக்கு உறவுக்காரச் சொற்கள்தாம். ஆனால் ஒன்றும் நமக்குத் தெரிந்த இடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. தேசம் ஊராகச் சுருங்கிவிட்டது, நகரம் நாடாகப் பருத்துவிட்டது, கோட்டை நகரமாகிவிட்டது. அந்நாட்டு மொழியில் தலைநகரைக் குறிக்கும் தொடர் ‘இபு கோத்தா நெகாரா’. சொல்லுக்குச் சொல் பிரித்தால் தாய், கோட்டை, நகரம். பொருளோ ‘நாட்டின் தலைநகர்’.

இந்த இடமாற்றம் எப்படி நடந்தது என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. 1365-இல் மஜாபாகித் அரசின் கவி பிரபஞ்சன் பழைய ஜாவானிய மொழியில் ஒரு காவியத்தை முடித்தார். உலகம் அதை ‘நாகரகிருதாகமம்’ என்று அறிகிறது. ஆனால் அவர் தம் நூலுக்கு வைத்த பெயர் ‘தேசவர்ணனம்’. ஹயாம் வுருக் மன்னர் கிழக்கு ஜாவாவின் உட்பகுதிகளைச் சுற்றிவந்த பயணம் நூலின் பெரும்பகுதி. 1359-இல் லுமாஜாங் வரை போன நீண்ட ஊர்வலமும் அதில் அடக்கம். வழியில் தங்கிய ஊர்கள், மடங்கள், வயல்கள், அறக்கொடை நிலங்கள் என்று பட்டியல் நீள்கிறது. அங்கே ‘தேசம்’ என்பது ராஜ்ஜியம் முழுவதையும் குறிக்கவில்லை. அரண்மனைக்கு வெளியே பரந்து கிடந்த நாட்டுப்புறத்தைக் குறித்தது. ‘நகரம்’ அரசர் இருந்த இடம். ஒரே நூலுக்கு நகரத்தின் பெயரிலும் தேசத்தின் பெயரிலும் இரண்டு தலைப்புகள் வாய்த்திருப்பது இந்தக் கட்டுரைக்கென்றே நேர்ந்ததுபோல் இருக்கிறது. 1894-இல் லொம்போக் தீவின் அரண்மனையை டச்சுப் படை சூறையாடியபோது அந்த ஓலைச்சுவடி கிடைத்தது. 

வடமொழியில் ‘தேசம்’ என்பதற்கு அடிப்படைப் பொருள் வெறும் ‘இடம்’ என்பதுதான். தமிழில் ‘தேச கால வர்த்தமானம்’ என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் எட்டிப் பார்க்கிறது. பாலித் தீவினரும் ‘தேச கால பாத்ரா’ என்பார்கள். எதையும் இடம், காலம், சூழல் பார்த்துச் செய் என்பது கருத்து. ஜாவாவில் இந்த ‘இடம்’ முதலில் தலைநகருக்கு எதிர்ப்பதமாகி ‘நாட்டுப்புறம்’ ஆயிற்று. பிறகு நாட்டுப்புறத்தில் உள்ள ஒவ்வோர் ஊரும் ‘தேசா’ ஆயிற்று. எதிர்ப்பக்கத்தில் ‘நகரம்’ அரசர் இருந்த ஊராகி, அரசாகி, கடைசியில் குடியரசாகி நிற்கிறது. ‘தேசா மாவா சாரா, நெகாரா மாவா தாதா’ என்பது ஜாவானியப் பழமொழி. ஊருக்கு ஊர் வழக்கம் உண்டு, அரசுக்கு அரசின் ஒழுங்கு உண்டு என்று பொருள். அரண்மனைக்காரர்களின் ஏளனமும் சொல்லில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஜாவாவில் ஒருவரை ‘ந்தெசோ’ என்று கிண்டல் செய்தால், நம்மூரில் ‘பட்டிக்காடு’ என்பதற்குச் சமம்.

தேசத்தைச் சுருக்கியது ஜாவா மட்டும் என்றும் சொல்ல முடியாது. பழைய கேரளத்தில் நாட்டுக்குக் கீழே இருந்த சிறு பிரிவுக்குப் பெயர் ‘தேசம்’, அதன் தலைவர் ‘தேசவாழி’. கோயில் திருவிழாக்களில் இந்தத் தேசத்தார், அந்தத் தேசத்தார் என்று இன்றும் அங்கே பேசிக்கொள்கிறார்கள். நகரத்தின் கதையும் அப்படித்தான். சங்க இலக்கியத்தில் ‘நகர்’ என்பது மாளிகையையும் கோயிலையும் குறித்தது. சோழர் காலத்தில் ‘நகரம்’ வணிகர் சபைக்குப் பெயர். இன்றைய தமிழ்நாட்டில் மனை போட்டு விற்ற நான்கு தெருவும் ஏதோ ஒரு ‘நகர்’தான். ஆகவே இந்தோனேசியர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு அதிக உரிமை இல்லை.

ஜாவாவை விட்டு மேற்கு சுமத்ராவுக்கு வந்தால் கதை இன்னும் சிக்கலாகிறது. அங்கே மினாங்கபாவ் மக்களின் கிராமத்துக்குப் பெயர் தேசாவும் இல்லை, மலாய்க்காரர்கள் கிராமத்தைச் சொல்லும் கம்போங்கும் இல்லை. ‘நகரி’.

மராப்பி எரிமலையின் உயரம் 2,891 மீட்டர். அதன் தென்சரிவில், தானா டத்தார் மாவட்டத்தில், பரியாங்கான் என்ற சிற்றூர் படிப்படியாக இறங்குகிறது. கொம்புபோல் வளைந்த கூரை கொண்ட ‘ருமா கடாங்’ வீடுகள், பழைய பள்ளிவாசல், அதையொட்டி வெந்நீர் ஊற்றில் குளிக்கும் இடங்கள், கீழே நெல்வயல்கள் என்று ஊர் அவ்வளவுதான். ஆனால் மினாங்கபாவ் மரபுவரலாறான ‘தம்போ’ இதைத்தான் எல்லா நகரிகளுக்கும் மூத்த நகரி என்கிறது. முன்னோர்கள் மராப்பி உச்சியிலிருந்து இறங்கிவந்து முதலில் குடியேறியது இங்கேதான் என்பது ஐதிகம். ஊரில் உள்ள மிக நீளமான ஒரு கல்லறையை, ருமா கடாங் வடிவத்தை வகுத்தவராகச் சொல்லப்படும் தந்தேஜோ குர்ஹானோவின் கல்லறை என்று காட்டுகிறார்கள்.

நகரி என்று பெயர் வைத்துக்கொள்ள வீடுகள் சேர்ந்தால் மட்டும் போதாது. மினாங்கபாவ் வழக்கில் ஒரு குடியிருப்பு வளரும் படிகள் உண்டு. காட்டைத் திருத்தி யாரோ சிலர் பயிரிடும் இடம் ‘தாராத்தாக்’. வீடுகள் கூடினால் ‘தூசூன்’. அதற்கு மேல் ‘கோத்தோ’. முழு வளர்ச்சி பெற்றதே ‘நகரி’. குறைந்தது நான்கு ‘சுக்கு’, அதாவது தாய்வழிக் குலங்கள், அங்கே இருக்க வேண்டும். கூடிப் பேச ‘பலாய்’ என்ற மன்று, தொழப் பள்ளிவாசல், நடக்கச் சாலை, குளிக்கத் துறை ஆகியவையும் வேண்டும். நிலமும் வீடும் பெண்வழியே இறங்குகின்றன. ஆண்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போவது ‘மெரந்தாவ்’. குலத்தலைவர்களான பெங்ஹூலுகள் மன்றில் கூடி முடிவெடுத்தார்கள். பகாருயோங்கில் மன்னர் இருந்தார் என்றாலும் நகரியின் உள்விவகாரத்தில் அவர் கை நீளவில்லை. நகரிகளைச் ‘சிறு குடியரசுகள்’ என்று எழுதும் வழக்கம் இதனால் வந்தது. இப்படிப் பார்த்தால் ‘நகரி’ என்ற பெயர் பகட்டுக்காக வைத்ததாகத் தோன்றவில்லை. தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் இடம் என்ற பொருள் அதில் இருக்கிறது.

அந்தப் படிவரிசையில் வரும் ‘கோத்தோ’ கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். மலாயில் கோத்தா, மினாங்கில் கோத்தோ. வடமொழி ‘கோட்ட’ வழியாக வந்தது என்பார்கள். அந்த வடமொழிச் சொல்லே திராவிடத்திலிருந்து போனது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. புதுக்கோட்டையும் அருப்புக்கோட்டையும் மலேசியாவின் கோத்தா பாருவும் ஒரே வேரின் கிளைகள். சுமத்ராவில் கோத்தோ என்பது கல்மதில் கோட்டை அல்ல, வேலியிட்டுக் காத்த குடியிருப்பு. ‘லிமா புலு கோத்தா’ என்று அங்கே ஒரு மாவட்டம் இருக்கிறது. இன்றைய இந்தோனேசிய மொழி தெரிந்தவர் ‘ஐம்பது நகரங்கள்’ என்று பெயர்த்துவிட்டு, நெல்வயலும் குன்றுமாக இருக்கும் இடத்தில் அத்தனை நகரங்கள் எங்கே என்று திகைக்கக்கூடும். பெயர் சொல்வது ஐம்பது கோத்தோக்களை, பழைய கட்டுக்காவல் ஊர்களை.

தமிழர் தடம் இந்தப் பக்கத்தில் உண்டா என்றால், உண்டு. சுமத்ராவின் மேற்குக் கரையில், வடக்கே பாருஸ் அருகே லோபு துவாவில் 1873-இல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010-ஐ, அதாவது கி.பி. 1088-ஐச் சேர்ந்தது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு அதில் பேசுகிறது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1932-இல் இதைப் பற்றி எழுதினார். மலைநாட்டுக்குள்ளேயும் ஒரு சான்று இருக்கிறது. தானா டத்தாரில் 14-ஆம் நூற்றாண்டு மன்னன் ஆதித்யவர்மன் காலத்து நீர்க்கால்வாய் ஒன்றின் அருகே உள்ள பாறைப் பொறிப்புகளில் ஒன்று தென்னிந்தியக் கிரந்த எழுத்தில் இருக்கிறது. இதை வைத்து ‘நகரி’ தமிழர் கொடுத்த சொல் என்று பெருமை பேசினால் அது வெறும் ஆசை. அரசு, ஊர், ஒழுங்கு சார்ந்த சொற்கள் வடமொழியிலிருந்தே போயின. தமிழ் கொடுத்தது சந்தைச் சொற்களை. கடை அங்கே ‘கெடாய்’, மினாங்கில் ‘கடாய்’. கப்பல் அங்கே ‘காப்பால்’. இன்று நகரித் தலைவருக்குப் பெயர் ‘வாலி நகரி’. முன்பாதி அரபு, பின்பாதி வடமொழி. அவர் கடாய்க்குப் போய் உட்கார்ந்தால் தமிழும் சேர்ந்துகொள்கிறது.

ஊர்ப் பெயரோடு ஊர்க்காரர்களும் நடந்தார்கள். மினாங்கபாவிலிருந்து மலாய்த் தீபகற்பம் போய்க் குடியேறியவர்கள் அமைத்த நாடு, இன்றைய மலேசிய மாநிலமான நெகிரி செம்பிலான். செம்பிலான் என்றால் ஒன்பது. சிரம்பான் பக்கத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்குப் பழகிய பெயர். தாய்வழி உரிமை கொண்ட மினாங்கபாவ் வழக்கம் ‘அடாட் பெர்பத்தே’ என்ற பெயரில் அங்கே தொடர்கிறது. சுமத்ராவில் கிராமமாக இருந்த நகரி, கடல் கடந்ததும் மாநிலமாகிவிட்டது. மாறாகக் கிழக்கே அம்போன் தீவிலும் சுற்றுப்புறத்திலும் ‘நெகிரி’ இன்னும் கிராமம்தான். அதன் தலைவருக்குப் பெயர் ராஜா! நம் ஊராட்சித் தலைவர்கள் காதில் இது விழாமல் இருப்பது நல்லது.

பாலி வேறு வழியில் போனது. அங்கே ‘பூரா’ என்றால் கோயில். நம் ‘புரம்’தான் அது. ஒவ்வொரு ஊரிலும் மூன்று முக்கியக் கோயில்களில் ஒன்றின் பெயர் ‘பூரா தேசா’. ஒரே ஊர் இரண்டு தேசாவாக இருப்பதும் உண்டு. கோயில், சடங்கு, சுடுகாடு ஆகியவற்றைப் பார்ப்பது ‘தேசா அடாட்’. அடையாள அட்டையும் அரசு நிர்வாகமும் ‘தேசா தீனாஸ்’ பொறுப்பு. ஏறத்தாழ 1,500 தேசா அடாட்களுக்கு 2019-ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம் தனித் தகுதி கொடுத்தது.

இத்தனை வகைகளை விடுதலைக் காலத் தலைவர்கள் அறியாமல் இல்லை. 1945 அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவுக்கான விளக்கவுரை, ஜாவாவிலும் பாலியிலும் தேசா, மினாங்கபாவில் நகரி, பலெம்பாங்கில் தூசூனும் மார்காவும் என்று பெயர் சொல்லியே ஏற்றது. அதைக் கலைத்தது சுஹார்த்தோ ஆட்சி. 1979-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம் நாடு முழுவதும் ஊர் என்றால் தேசா, தலைவர் என்றால் ‘கெபாலா தேசா’ என்று ஒரே அச்சில் வார்த்தது. ஜாவாவின் சொல் எல்லாத் தீவுகளுக்கும் சட்டமாயிற்று.

மேற்கு சுமத்ராவில் 1983-இல் இது நடைமுறைக்கு வந்தது. அங்கே நடந்தது பணக் கணக்கு. மைய அரசின் நிதி தேசாவுக்கு இவ்வளவு என்று வந்தது. ஒரு பெரிய நகரியை ஒரு தேசாவாக எண்ணினால் ஒரு பங்குதான். அதன் உட்பிரிவான ‘ஜோரோங்’ ஒவ்வொன்றையும் தேசா என்று அறிவித்தால் பல பங்கு. ஐந்நூற்றுச் சொச்சம் நகரிகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தேசாக்களாக உடைந்தன. பணம் வந்தது, மன்று போயிற்று. பொது நிலம், நீர், குலவழக்கு ஆகியவற்றைப் பேசக் குலத்தலைவர்களின் அவை ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். ஆனால் கையெழுத்தும் முத்திரையும் தேசா அலுவலகத்தில் இருந்தன. ஒற்றுமையின் பெயரால் செய்தது என்றாலும் இது மோசமான சட்டம். பெயரை மாற்றியது பெரிய குற்றம் இல்லை. நான்கு குலம் கூடினால்தான் ஊர் என்ற கணக்கை அது குலைத்ததுதான் குற்றம்.

1998-இல் சுஹார்த்தோ விழுந்தார். 1999-இல் உள்ளாட்சிச் சட்டம் தளர்ந்தது. 2000-ஆம் ஆண்டின் 9-ஆவது மாகாண விதியைக் கொண்டு மேற்கு சுமத்ரா நகரிக்குத் திரும்பியது. 2014-ஆம் ஆண்டின் 6-ஆவது சட்டம் ‘தேசா அல்லது வேறு பெயர்’ என்று இடம் விட்டது. அச்சேயில் கம்போங் என்றும் தோராஜாவில் லெம்பாங் என்றும் எழுதலாம். நிதியும் பெருகியது. 2015-இல் தேசா நிதி 20.7 லட்சம் கோடி ரூபியா, 2019-இல் 70 லட்சம் கோடி. நாட்டில் தேசாக்கள் 75,000-ஐ ஒட்டி இருக்கின்றன. பங்கு கூடினால் பிரிவினையும் கூடும் என்பதால், நகரிகளின் எண்ணிக்கையும் அதன்பின் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. யோக்யகர்த்தாவோ, தன்னைப் பழைய மரியாதை மொழியில் ‘நகரி’ என்றே அழைத்துக்கொள்ளும் சுல்தானகம், 2020-இல் தன் தேசாக்களுக்கெல்லாம் ‘கலூராஹான்’ என்று பெயர் மாற்றிவிட்டது. ஜாவா சுமத்ராவுக்கு ஏற்றுமதி செய்த சொல்லை ஜாவாவின் இதயத்திலேயே பெயர்ப்பலகையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பரியாமான் நகராட்சிப் பகுதியோ நகரிக்குத் திரும்பவில்லை. சுற்றிலும் நகரிகள் இருக்க, அதன் ஊர்கள் இன்றும் தேசாதான்.