தூண்டில்காரர்களின் ஆற்றுப்படை

தூண்டில் போடுற ஆளுங்களுக்கு ரெண்டே ரெண்டு கேள்விதான். எங்கே? எப்போ?

மத்ததெல்லாம் கடைக்காரரே சொல்லிடுவார். எந்த ராடு, எத்தனை பவுண்டு நரம்பு, முள் எந்த நம்பர், ரப்பர் மீன் பச்சையா வெள்ளையா... காசு இருந்தா முடிஞ்சுது. ஆனா எங்கே, எப்போங்கிறதுக்குக் கடையில பதில் கிடையாது. யாராவது சொல்லணும். சொல்றவரு மனசு வைக்கணும்.

நான் செங்கல்பட்டுக்காரன். கொளவாய் ஏரிக்கரையில ஜிலேபி மீன் பிடிச்சுக் கைபழகினவன். கடல் பக்கம் போனது அப்புறம்தான். இப்போ லீவு கிடைச்சா நாலஞ்சு பேரா முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம்னு சுத்துற கூட்டத்துல ஒருத்தன். இந்தக் கூட்டத்துல ஜாதி, சம்பளம், ஆபீஸ் எதையும் யாரும் கேக்க மாட்டாங்க. "அண்ணே, இன்னிக்கு என்ன கடிக்குது?"ன்னு ஆரம்பிச்சு, முள்ளு அறுந்தவனுக்கு முள்ளு குடுத்து, இரை தீர்ந்தவனுக்கு இறால் குடுத்து, இருட்டுறதுக்குள்ள பத்து வருஷப் பழக்கம் மாதிரி ஆயிடும். அப்புறம்தான் மெதுவா அந்த ரெண்டு பதிலும் வெளிய வரும்.

இப்படித் துப்பு குடுக்கிற பழக்கம் நம்ம பக்கம் எவ்வளவு பழசுன்னு தேடினேன். அது சங்க காலத்துல போய் நிக்குது.

பெரும்பாணாற்றுப்படை ஸ்கூல்ல பேரு மட்டும் படிச்சிருப்போம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதினது. காஞ்சியில இருந்த தொண்டைமான் இளந்திரையன்கிட்ட பரிசு வாங்கிட்டு வர்ற ஒரு பாணன், எதிர்ல பசியோட வர்ற இன்னொரு பாணனுக்கு வழி சொல்றான். இப்படிப் போ, இந்த ஊர்ல இன்னின்ன சாப்பாடு கிடைக்கும், அந்தப் பக்கம் இன்னார் இருப்பாங்க... ஆற்றுப்படைன்னாலே அதுதானே. தனக்குக் கிடைச்சத ஒளிச்சு வைக்காம, அடுத்தவனுக்குக் கையைக் காட்டி அனுப்புறது. சுத்தமான துப்புதான் இது :)

அந்த வழியில வலைஞர் குடியிருப்பு வருது. அங்க போனா கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும்னு சொல்றான் நம்மாளு. அடுத்து நீர்நிலைப் பக்கம் ஒரு தூண்டில்காரன். அவனும் பாண்மகன்தான். பச்சை மாமிசத்த இரைக்குன்னு தோல்பையில போட்டுத் தோள்ல மாட்டியிருக்கான். கையில நீளமான மூங்கில் கம்பு, கம்பு நுனியில கட்டின கயிறு, வளைஞ்ச வாயுள்ள இரும்பு முள். நாம கொண்டு போற சாமானுக்கும் இதுக்கும் ரீல் ஒண்ணுதான் வித்தியாசம். ஒரு வாளை மீன் இரைய மட்டும் கவ்விக்கிட்டுத் தப்பிச்சுடுது. தப்பிச்ச மீனுக்கு அப்புறம் கரையோரப் பிரம்போட நிழல் தண்ணியில ஆடினாக்கூட தூண்டில் கம்புன்னு பயம்!

தூண்டில் போட்டவங்களுக்குத் தெரியும், இது உட்கார்ந்த இடத்துல எழுதின கற்பனை இல்ல. ஒரு தடவை முள் பட்டுத் தப்பிச்ச மீன் சுலபத்துல திரும்பக் கடிக்காது. நிழல் தண்ணியில விழாத மாதிரி நில்லுன்னுதான் புதுசா வர்றவனுக்கு இன்னிக்கும் முதல் பாடம். அந்தப் பாட்டுல வர்ற கடற்கரை ஊர் நீர்ப்பெயற்று. ஏணி வச்சாலும் ஏற முடியாத உயரத்துல ராத்திரி விளக்கு எரிய, ஓடுற கப்பல்களுக்கு அது துறையைக் காட்டுது. இந்த ஊர்தான் இப்போதைய மாமல்லபுரம்னு சொல்றவங்க உண்டு. ஒத்துக்காதவங்களும் உண்டு. அதை ஆராய்ச்சிக்காரங்ககிட்ட விட்டுடுவோம்.

ரொம்ப நூற்றாண்டு தாண்டி வெள்ளைக்காரங்க காலத்துக்கு வந்தா, துப்பு அச்சுல ஏறுது.

ஹென்றி சல்லிவன் தாமஸ்னு ஒருத்தர், மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. 1873-ல மங்களூர்ல 'தி ராட் இன் இந்தியா'ன்னு ஒரு புத்தகம் போட்டார். புதுசா கப்பல்ல வந்து இறங்குற வெள்ளைக்கார துரைமார், இந்தியாவுல எந்த மீனை எங்க, எப்படிப் பிடிக்கணும்ங்கிறதுக்கான குறிப்புகள். நல்லா வித்திருக்கு, அப்புறமும் பதிப்புகள் வந்துச்சு. 1887-ல ஏரி, குளத்துல தூண்டில் போடுறதுக்குன்னே தனியா இன்னொரு புத்தகம். நம்ம செங்கல்பட்டு ஜில்லா முழுக்க ஏரிதான், அதனால எனக்கு ரெண்டாவது மேலதான் ஆசை அதிகம். அதே காலத்துல மெட்ராஸ் ராணுவத்துல டாக்டரா இருந்த ஃபிரான்சிஸ் டே, 1875 தொடங்கி 1878 வரைக்கும் 'தி ஃபிஷஸ் ஆஃப் இந்தியா'வ வெளியிட்டார். மீன்களோட படம், விஞ்ஞானப் பேரு, கூடவே உள்ளூர்ப் பேரு. தமிழ்ப் பேர்களும் அதுல இருக்கு.

இங்கதான் எனக்கு ஒரு உறுத்தல். அந்தப் பேரை எல்லாம் யார் சொன்னது? கரையில வலைய உதறிக்கிட்டு இருந்தவர்தானே சொல்லியிருப்பார். அவர் பேரு எங்கேயும் இல்ல. புத்தகத்து மேல டே பேரு, தாமஸ் பேரு. அவங்க உழைப்பை நான் குறைச்சுச் சொல்லல. சின்னக் கண்ணி வலை, விஷம் எல்லாம் போட்டு மீன் இனம் அழியுதுன்னு கத்தினதும் இதே ஆளுங்கதான். வெடியும் விஷமும் போட்டு மீன் பிடிக்கத் தடை சொன்ன இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல வந்ததுல அவங்களுக்குப் பங்கு இருக்கு. ஆனா துப்பு குடுத்தவன் ஒருத்தன், பேர் எடுத்தவன் இன்னொருத்தன்.

உலகம் பூராவும் இதே கதைதான். கலிபோர்னியா பக்கம் கேட்டலினா தீவுல 1898-ல சார்லஸ் ஹோல்டர் 183 பவுண்டு சூரை மீனை ராடுல பிடிச்சார். அந்த வருஷமே ட்யூனா கிளப் ஆரம்பிச்சாச்சு. 1939-ல சர்வதேச அளவுல ஒரு சங்கமும் வந்துச்சு. எடை, நரம்பு கனம் எல்லாம் பாத்து ரிக்கார்டு எழுதி வைக்கிறாங்க. நம்ம கரையில மூணு நாலு மரத்தைக் கட்டிக்கிட்டு, வெறுங்கையால நரம்பைப் பிடிச்சு மயில்மீனை இழுத்துப் போட்டவங்க எத்தனையோ பேரு. ஒருத்தர் பேரும் எந்த ரிக்கார்டுலயும் ஏறல. மரம் மட்டும் ஏறிடுச்சு, கட்டுமரம் இங்கிலீஷ்ல போய் 'கேட்டமரன்' ஆயிடுச்சு.

ஹெமிங்வே பத்தியும் சொல்லியாகணும். அவர் ராடு, ரீல், சொந்தப் படகுன்னு மீன் பிடிச்ச பணக்கார ஆளு. ஆனா 1952-ல அவர் எழுதின 'கிழவனும் கடலும்' கதையில வர்ற கிழவன் கைத்தூண்டில்காரன். அந்தக் கதையோட கருவை அவருக்குச் சொன்னது கார்லோஸ் குட்டியெரெஸ்ங்கிற கியூபா மீனவர். நாவலைப் படிச்ச எத்தனை பேருக்கு கார்லோஸைத் தெரியும்?

சரி, நம்ம கரைக்கு வருவோம். மீனவங்க குடுக்கிற துப்புக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க.

முதல்ல இடம். நடுக்கடல்ல போர்டா வச்சிருக்கு? கரையில ரெண்டு அடையாளம் எடுத்துக்குவாங்க. கிட்ட ஒண்ணு, தூரத்துல ஒண்ணு. உதாரணத்துக்கு, கலங்கரை விளக்கமும் அதுக்குப் பின்னாடி திருக்கழுக்குன்றம் மலையும் ஒரே நேர்கோட்டுல வரணும். அது ஒரு கோடு. அதே மாதிரி கரையில வேற பக்கம் ஒரு கோயிலும் ஒரு தோப்பும், அது இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டுற இடத்துலதான் தண்ணிக்கடியில பாறை. பாறை இருந்தா சங்கரா இருக்கும், களவா இருக்கும், செப்பிலி இருக்கும். ஜிபிஎஸ் பண்றதும் கணக்குப்படி இதுக்குச் சொந்தக்கார வேலைதான். ஐரோப்பிய மாலுமிங்க மாமல்லபுரத்துக்கு 'ஏழு கோயில்'னு பேரு வச்சு, கடல்லேர்ந்து அடையாளம் பாத்துக்கிட்டதும் இதே வித்தைதான்.

இந்த அறிவு ஒரு தடவை பெரிய இடத்துக்குப் போச்சு. கடலுக்கடியில கட்டடம் கிடக்குன்னு மாமல்லபுரம் மீனவங்க ரொம்ப காலமா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பேச்சை நம்பி 2002 ஏப்ரல்ல இங்கிலாந்து முக்குளிப்புக் குழு ஒண்ணும், கோவாவுல இருக்கிற தேசியக் கடலியல் நிறுவனமும் சேர்ந்து இறங்கினாங்க. கரையிலேர்ந்து அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, 5 முதல் 8 மீட்டர் ஆழத்துல, சுவர் மாதிரி வரிசைகளும் செதுக்கின கல்லும் கிடந்துச்சு. எந்தக் காலத்துதுங்கிற சண்டை தனி. எத்தனையோ தலைமுறையா வலையைக் கிழிச்ச, மீனைக் குடுத்த பாறைங்க, அந்த ஜனங்களுக்கு அது புதுசே இல்ல. 2004 டிசம்பர் 26 அன்னிக்கு சுனாமிக்கு முன்னாடி கடல் உள்வாங்கினப்போ கரையில நின்னவங்களே பாறை வரிசையைப் பாத்தாங்க.

அடுத்து நேரம். இதுக்கு நீரோட்டம் தெரியணும். சென்னை, செங்கல்பட்டு கரையில வடக்கேயிருந்து தெற்கே ஓடுற நீரோட்டத்தை வன்னின்னும், தெற்கேயிருந்து வடக்கே ஓடினா தெண்டின்னும் சொல்லுவாங்க. நம்ம ஆளுங்க மொபைல்ல காத்து, அலை எல்லாம் பாத்துட்டு வந்து நிப்பாங்க. கரையில பீடி குடிச்சிட்டு இருக்கிற பெரியவர் தண்ணிய ஒரு பார்வை பாத்துட்டு, "வன்னி இழுக்குது தம்பி, ஈயம் நிக்காது, வீட்டுக்குப் போ"ம்பார். ஈயமும் நிக்காது.

முட்டுக்காடு கதையே தனி. கோவளம் முகத்துவாரம் கோடையில மணல் திட்டால அடைச்சுக்கும். வடகிழக்கு மழை வந்து உள்ள தண்ணி ஏறினா உடைச்சுக்கிட்டுக் கடலைப் பாக்கப் போகும். அந்த நாள்ல உள்ளேயிருந்து மடவையும் இறாலும் கூட்டமா வெளிய வரும், அதைப் பிடிக்க கொடுவா வந்து காத்துக்கிட்டு இருக்கும். எங்க கூட்டத்துக்கு அதுதான் தீபாவளி.

கொடுவா விசித்திரமான மீன். சின்ன வயசுல எல்லாம் ஆண், சில வருஷம் போய்ப் பெருசானா பெண்ணா மாறிடும். முட்டை கடல் பக்கம், வளர்றது கழிமுகத்துல. முட்டுக்காட்டுல ஆராய்ச்சிப் பண்ணை வச்சிருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல கொடுவாவைப் பண்ணையில குஞ்சு பொரிக்க வச்சுது. மாறின கணக்குப்படி பாத்தா, நாம போட்டோவுக்குக் கட்டிப் பிடிச்சு நிக்கிற பெரிய கொடுவா பெரும்பாலும் தாய் மீன். அதனால பெருசைத் திரும்ப விட்டுடறதுன்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. சரிதான்னு நெனைக்கிறேன். ஆனா நீங்க எட்டு கிலோ மீனை முத்தம் குடுத்துத் தண்ணியில விடுறத ஒரு மீனவர் பாத்தா அவர் மனசு எப்படி இருக்கும்னு யோசிங்க. அவருக்கு அது டீசல் காசு, பொண்ணு ஸ்கூல் பீசு. நமக்கு அது ஞாயித்துக்கிழமை.

இந்த வித்தியாசத்தை நம்ம ஆளுங்க நிறைய பேரு கவனிக்கிறதில்ல. துப்புங்கிறது எங்களுக்குள்ள நட்பு. மீனவருக்கு அது சொத்து. ஒரே குப்பத்துல பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டகூட பாறை இருக்கிற இடத்தைச் சொல்ல மாட்டாங்க. அப்பன் மகனுக்குச் சொல்லுவான், மாமன் மச்சானுக்குச் சொன்னா பெரிய விஷயம். அப்படிப்பட்டவர் உங்களைப் படகுல ஏத்தி அந்தப் பாறைக்குக் கூட்டிட்டுப் போறார்னா, படகு வாடகையோட அந்தக் கணக்கு முடியல. நீங்க அங்க போனதும் கமுக்கமா மொபைல்ல இடத்தைக் குறிச்சுக்கிட்டு, அடுத்த வாரம் வேற படகுல பத்து பேரைக் கூட்டிட்டுப் போனா? நடக்குது. அதனாலதான் சில பேரு இப்பல்லாம் மொபைலைப் பையில போடச் சொல்லிட்டுத்தான் படகை எடுக்கிறாங்க. என்னைக் கேட்டா நியாயம்.

அடையாளமும் மாறிப் போச்சு. சுனாமிக்கப்புறம் நிவாரணமா வந்த ஃபைபர் படகுங்க கட்டுமரத்தை ஓரங்கட்டிடுச்சு. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தப்புறம் சவுக்குத் தோப்பு இருந்த இடத்துல எல்லாம் ரிசார்ட்டும் பங்களாவும். தோப்பை வச்சுக் கோடு போட்டவருக்குக் கோடு போச்சு. இப்போ பையன் ஜிபிஎஸ்ல நம்பரா வச்சிருக்கான், அப்பா தலைக்குள்ள வச்சிருந்த பாறைல கொஞ்சம் அவர் கூடவே போயிடுச்சு.

எங்க கூட்டத்துல இப்போ எழுதாத ஒரு சட்டம் வச்சிருக்கோம். பாலம், முகத்துவாரம், கரைப்பாறை, இதெல்லாம் பொது, யார் கேட்டாலும் சொல்லலாம். படகுக்காரர் காட்டின பாறையை அவர் சொல்லாம யாருக்கும் சொல்லக் கூடாது, போட்டோவுல கரை தெரியக் கூடாது. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்போ நாட்டுப்படகுக்காரங்களுக்கு மீன் விலை கொஞ்சம் கிடைக்கிற நேரம். அந்த ரெண்டு மாசம் படகுக்குப் போய் அவங்களைத் தொந்தரவு பண்றதில்ல, கரையிலேர்ந்தே கிழங்கான் பிடிச்சுக்கிட்டு இருப்போம். கிழங்கானுக்கு சின்ன முள், மணல் புழு, காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, முதல் அலை உடையுற இடத்துக்கு உள்பக்கமா போடுங்க. தூரமா வீசினா ஒண்ணும் கிடைக்காது. இது எனக்குச் சதுரங்கப்பட்டினத்துல ஒரு அம்மா சொன்னது. கூடையை இடுப்புல வச்சிக்கிட்டு, நான் வீசின தூரத்தைப் பாத்துச் சிரிச்சிட்டுத்தான் சொன்னாங்க.