ஒரு புழுவுக்காக நின்ற போர்

நரம்புச் சிலந்தி என்று ஒரு வியாதி உண்டு. இந்தத் தலைமுறைக்குப் பெயரே தெரியாது. ஊர்ப்பக்கம் எழுபது வயசைத் தாண்டிய யாரையாவது கேட்டுப் பாருங்க, முகத்தைச் சுளிப்பார்கள். குளத்துத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தால் கிருமி உள்ளே போகும். ஒரு வருஷம் கழித்து, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளப் புழுவாகக் காலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுக்கணும். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல், ராஜஸ்தானில்.

இந்தப் புழுவுக்காக 1995-ல் ஒரு உள்நாட்டுப் போரே ஏறக்குறைய ஆறு மாசம் நின்றது என்றால் நம்புவீர்களா? சூடானில் நடந்தது.

கொஞ்சம் முன்கதை. 1972-ல் அடிஸ் அபாபா ஒப்பந்தம் மூலம் தெற்கு சூடானுக்குத் தன்னாட்சி கிடைத்தது. 1983-ல் அதிபர் நிமெய்ரி அதைக் கலைத்துவிட்டு, நாடு முழுக்க ஷரியா சட்டம் என்று அறிவித்தார். ஜான் கராங் தலைமையில் தெற்கத்தியர்கள் ஆயுதம் எடுத்தார்கள். 1988-ல் கொடும் பஞ்சம். மறுவருஷம் ஐ.நா. ஒரு காரியம் செய்தது. அரசாங்கம், கிளர்ச்சியாளர்கள் ரெண்டு பேரிடமும் சம்மதம் வாங்கி, இரு தரப்புப் பகுதிகளுக்கும் உணவு அனுப்பியது. அதுவரை பெரும்பாலும் அரசாங்கத்தோடு மட்டும்தான் பேசுவார்கள்.

ஆனால் சமாதானம் மட்டும் நகரவே இல்லை. 1992-லும் 1993-லும் நைஜீரியாவின் அபுஜாவில் பேசினார்கள். மதமா, சுயநிர்ணயமா என்ற இடத்தில் வண்டி நின்றுபோச்சு.

அப்போதுதான், 1995 மார்ச்சில், அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கார்ட்டூமுக்குப் போனார். சமாதானம் பண்ணிக்கோங்க என்று அவர் வற்புறுத்தவில்லை. சுகாதார ஊழியர்கள் கிராமங்களுக்குள் போகணும், ரெண்டு மாசம் சுடாதீங்க. அவ்வளவுதான். அதிபர் பஷீரும் ஒத்துக்கிட்டார், கராங்கும் ஒத்துக்கிட்டார். பிறகு நீட்டிக்கவும் செய்தார்கள்.

ஏன் ஒத்துக்கிட்டாங்க? என் கணிப்பு இது: புழுவுக்குக் கட்சி கிடையாது. வரைபடத்தில் கோடு போட வேண்டாம், யாரும் தோற்றதாக ஆகாது. 1993-லேயே அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் ஏறிவிட்ட பஷீர் அரசுக்குக் கொஞ்சம் நல்ல பெயர் தேவைப்பட்டது. சிப்பாய்களுக்கும் மூச்சு விட அவகாசம். சுயநலம்தான், இருந்துட்டுப் போகட்டுமே!

பலன்? சுமார் 2 லட்சம் துணி வடிகட்டிகள் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் போலியோ, தட்டம்மைத் தடுப்பு மருந்து கிடைத்தது. அப்புறம் மறுபடியும் துப்பாக்கி வெடித்தது.

"அப்போ இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிவாரண உணவு படைகளுக்கும் போய்ச் சேர்ந்து போரை நீட்டித்தது என்ற விமர்சனமும் உண்டு. சம்மதத்தை நம்பிய ஏற்பாட்டில் இன்னொரு ஓட்டை: கொடுத்தவரே பிடுங்கலாம். 1998 தொடக்கத்தில் பஹ்ர் எல் கஸாலுக்கு நிவாரண விமானங்களை அரசு தடுத்தது. ஏற்கெனவே பசியில் இருந்த ஜனங்கள் பஞ்சத்தில் விழுந்தார்கள்.

ஆனாலும் 2002-ஐப் பாருங்க. ஜனவரியில் நூபா மலைப்பகுதிக்கு மட்டும் ஒரு போர்நிறுத்தம் ஸ்விட்சர்லாந்தில் கையெழுத்தானது. மேற்பார்வைக்கு வெளிநாட்டுக் குழு இருந்தது. அந்த வருஷம் ஜூலையில் கென்யாவின் மச்சாகோஸில் பெரிய ஒப்பந்தத்துக்கு அடித்தளம். 2005 ஜனவரி 9-ல் நைரோபியில் கையெழுத்து. 2011-ல் தெற்கு சூடான் தனிநாடு. சின்ன ஒப்பந்தம் தானாகப் பெரிய சமாதானமாக மாறாது. ஆனா எதிரி சொன்ன சொல்லைக் காப்பாத்துவானா என்று தெரிந்துகொள்ள வேறு வழியும் இல்லை.

2023 ஏப்ரலில் சூடானில் ராணுவமும் துணை ராணுவமும் மோதிக்கொண்டன. மே மாதம் ஜெட்டாவில் பொதுமக்களைக் காப்போம், நிவாரணத்தை விடுவோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். மீறினால் கேட்க ஆளில்லை. 2024-ல் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதியானது. வெறும் கையெழுத்து போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

கார்ட்டர் 2024 டிசம்பரில், நூறு வயதில் காலமானார். 1986-ல் வருஷத்துக்கு 35 லட்சம் பேரைப் பிடித்த அந்தப் புழு, 2022-ல் உலகம் முழுக்க 13 பேரைத்தான் பிடித்தது. போரை நிறுத்த முடியாத அந்த ஆறு மாசத்துக்கும் இந்தக் கணக்கில் ஒரு பங்கு உண்டு.